கல்லின் முகமும் நிழலின் சாட்சியமும்

ஐரோப்பாவுக்குச் சென்று மீள்வோர் கொண்டுவரும் நிழற்படங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்தனவாகவே காணப்படுகின்றன. ஈபிள் கோபுரம், கொலோசியம், பீசாவின் சாய்ந்த கோபுரம், ஏதென்ஸ் நகரத்து அக்ரோபொலிஸ் குன்று. இவற்றுள் ஏதேனும் ஒன்றின் முன்னே வெயிலிற் கண்ணைச் சுருக்கியவாறு நிற்கும் ஒருவர். கலைரசனை மிக்கோர் இத்தகைய படங்களைக் கண்டு முகஞ்சுளிப்பது வழக்கம். பழைமை வாய்ந்த அக்கட்டடம் தனித்து நின்றால் அழகாயிராதா, இந்த மனிதர் ஏன் குறுக்கே வந்து நிற்கிறார் என்பது அவர்தம் ஆதங்கம். அந்த ஆதங்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், கட்டடம் தனித்து நிற்றல் என்பது இயல்பாக அமைந்த ஒரு நிலையா, அன்றி யாரேனும் முயன்று உண்டாக்கிய ஒரு தோற்றமா என்று வினவப்புகின், விடயம் அவ்வளவு எளிதன்று என்பது புலனாகும்.

நிழற்படக் கலை பிறந்தபோதே மனிதரை அழித்துக்கொண்டுதான் பிறந்தது. 1838 ஆம் ஆண்டிலே லூயி டாகேர் என்பார் பாரிஸ் நகரத்துத் தமது பணிமனை யன்னலிலிருந்து, பூல்வார் டியு தாம்பிள் என வழங்கும் அகன்ற வீதியைப் படமெடுத்தார். நாடக அரங்குகள் நிறைந்த வீதி அது. வண்டிகளும் குதிரைகளும் பாதசாரிகளும் அதில் ஓயாது இயங்கிக்கொண்டிருந்தனர். ஆனால் அவரது படத்தகட்டில் ஒளி பதிவதற்குச் சில நிமிடங்கள் தேவைப்பட்டன. அசைந்தவை எவையும் பதியவில்லை; அசையாதிருந்த வீடுகளும் மரங்களும் நடைபாதையுமே பதிந்தன. பகற்பொழுதிலே பாரிஸ் மாநகரின் ஒரு பெருவீதி, கொள்ளைநோய் வந்து குடிபெயர்ந்தாற்போல வெறிச்சோடித் தோன்றியது. அதன் இடப்புறக் கீழ்மூலையில் மட்டும் ஒருவர் தம் சப்பாத்தைத் துடைப்பிப்பதற்காக ஒரு காலை உயர்த்தி நின்றமையால் தப்பிவிட்டார். நிழற்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதர் எனக் கருதப்படுபவர் அவரே. அவர் பெயர் எவருக்குந் தெரியாது. சப்பாத்துத் துடைத்தவரின் உருவமோ அதனினும் மங்கலானது; வேலை செய்பவனின் கைகள் அசைந்துகொண்டுதானே இருக்கும்! அவர்கள் நின்ற அந்த வீதியின் அரங்குகள் நிறைந்த பகுதியும் 1862 ஆம் ஆண்டளவில் நகரச் சீரமைப்பின் பொருட்டு இடித்துத் தள்ளப்பட்டது.

1839 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் டாகேரின் செய்முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. மாதங்கள் சில செல்லுமுன்னரே கமராவுடன் கப்பலேறியோர் பலர். பாரிஸ் நகரத்துக் கண்ணாடி வணிகரான லெரெபூர் என்பவர் பல நாடுகளுக்கும் சென்று எடுக்கப்பட்ட இத்தகைய படங்களைத் திரட்டி, 1840களின் தொடக்க ஆண்டுகளில் தொகுதிகளாக வெளியிட்டார். பயணப்படத் தொகுதிகளுக்கு அதுவே முன்னோடி எனலாம். ஆனால் டாகேரின் முறையிற் பெறப்படுவது வெள்ளி பூசிய ஒற்றைச் செப்புத் தகடு; அதிலிருந்து படி எடுத்தல் இயலாது. எனவே செதுக்கோவியர்கள் அப்படங்களைப் பார்த்து வரைந்தே அச்சிட வேண்டியிருந்தது. அவ்வாறு வரையும்போது, வெறுமையாகக் கிடந்த வீதிகளிலும் முற்றங்களிலும் அவர்கள் தம் மனம்போனபடி மனிதரையும் வண்டிகளையும் வரைந்து சேர்த்தனர். கமரா நீக்கிய மனிதரைக் கலைஞனின் கை திரும்பக் கொணர்ந்தது. வாங்குவோரும் அதனையே விரும்பினர் போலும்.

அத்தொகுதியில் இடம்பெற்ற ஒரு படம் ஈண்டு விரிவாக நோக்கற்பாலது. கனடாவிலிருந்து வந்த பயணியான ஜொலி டி லொட்பினியேர் 1839 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஏதென்ஸ் சென்று, அக்ரோபொலிஸ் குன்றின் மீதமைந்த பார்த்தினன் கோயிலைப் படமெடுத்தார். அவரெடுத்த மூலத்தகடு இன்று இல்லை. அதனைப் பார்த்துச் செதுக்கிய படமே எஞ்சியுள்ளது. அதனைக் காணும் இக்காலத்து மாணவர் திகைப்படையக்கூடும். ஏனெனில், இடிந்த கிரேக்கத் தூண்களின் நடுவே, இன்றைய தபாலட்டைகளில் எங்குமே காணப்படாத ஒரு சிறு கட்டடம் குந்தியிருக்கின்றது. அது ஒரு பள்ளிவாசல்.

கி.மு. 447 இல் தொடங்கிக் கட்டப்பட்ட பார்த்தினன், அதீனா தெய்வத்தின் கோயிலாக இருந்த காலம் நீண்டதே. ஆயினும் அது கிறித்தவ தேவாலயமாக இருந்த காலம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் என்பதைப் பலர் நினைப்பதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் ஒட்டோமன் துருக்கியர் ஏதென்ஸைக் கைப்பற்றிய பின்னர் அது பள்ளிவாசலாயிற்று. 1687 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் வெனிஸ் நகரப் படைகள் குன்றை முற்றுகையிட்டபோது, துருக்கியர் உள்ளே சேமித்து வைத்திருந்த வெடிமருந்தின் மேல் எறிகுண்டொன்று விழுந்தது. அதுவரை பெரும்பாலும் முழுமையாகவே நின்ற கோயில் அன்றுதான் இன்றுள்ள இடிபாடாயிற்று. அவ்விடிபாட்டின் நடுவே பின்னர் எழுந்ததே படத்திற் காணப்படும் சிறு பள்ளிவாசல். கிரேக்கம் விடுதலை பெற்று, 1834 இல் ஏதென்ஸ் அதன் தலைநகராகியதும், குன்றைத் 'தூய்மைப்படுத்தும்' பணி தொடங்கியது. 1840களின் தொடக்கத்திற் பள்ளிவாசல் அகற்றப்பட்டது. ஜொலி இன்னுஞ் சில ஆண்டுகள் தாமதித்து வந்திருப்பாராயின் அதன் உருவம் கமராவுக்கு அகப்பட்டிராது.

பள்ளிவாசலோடு பணி நின்றுவிடவில்லை. குன்றின் மேற்கு வாயிலிலே இடைக்காலத்தில் ஏதென்ஸை ஆண்ட மேற்கைரோப்பியப் பிரபுக்களின் காலத்துச் சதுரக் கோபுரம் ஒன்று நின்றது. நூற்றாண்டுகளாக ஏதென்ஸ் நகரின் தோற்றத்தை நிர்ணயித்த கோபுரம் அதுவே. 1870 க்கு முன்னர் எடுக்கப்பட்ட நிழற்படங்களில் அது உயர்ந்து, மொட்டையாய், கம்பீரமாய் நிற்பதைக் காணலாம். டிறோய் நகரை அகழ்ந்த புகழுக்குரிய ஹைன்றிக் ஷ்லீமான் பணம் வழங்க, 1870களின் நடுப்பகுதியில் அது இடிக்கப்பட்டது. இடைக்காலக் கிரேக்கத்தின் வரலாற்றை எழுதிய வில்லியம் மில்லர் இச்செயலைக் கடுமையாகக் கண்டித்தார். வரலாறு தொடர்ச்சியானது என்ற உணர்வுள்ள எந்த மக்களுக்கும் இது தகாதது என்பது அவரது கருத்தின் சாரம்.

இங்குதான் நிழற்படத்தின் இரட்டைப் பங்கு தெளிவாகின்றது. இன்றைய பயணி அக்ரோபொலிஸின் மேல் நின்று எடுக்கும் படத்தில் நீலவானும் வெண்பளிங்கும் மட்டுமே உள்ளன. அப்படம் பெரிக்ளிஸ் காலத்தை நேரே காட்டுவதுபோல் மயக்குகின்றது. உண்மையிலோ அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு தீர்மானத்தையே காட்டுகின்றது: பல காலங்களும் பல சமயங்களும் வாழ்ந்த இடத்தில் ஒரே ஒரு காலத்தை மட்டும் மெய்யான காலம் எனத் தெரிந்தெடுத்து, ஏனையவற்றை அழுக்கென அகற்றிய தீர்மானம். ஒரு புதிய தேசம் தன் முகத்தைத் தேடுகையில் இவ்வாறு நிகழ்வது புரிந்துகொள்ளக்கூடியதே. புரிந்துகொள்ளக்கூடியது என்பதனால் அது நட்டமற்றது ஆகிவிடாது. இடித்தவர்கள் தம்மை இடிப்போராகக் கருதவில்லை, மீட்போராகவே கருதினர் என்பதுதான் இதிலுள்ள கவலைக்குரிய அம்சம். அகற்றப்பட்ட காலங்களில் வாழ்ந்தோர் அக்குன்றிலே விருந்தினராக இருக்கவில்லை. அவர்களும் அங்கே பிறந்து, தொழுது, இறந்தவர்களே. அவர்களுக்காகச் சாட்சி சொல்ல இன்றுள்ளவற்றுள் முக்கியமானவை, படத்திற்கு அழகு சேர்க்கும் என்ற எண்ணமின்றி, எதிரே இருந்ததை இருந்தவாறு பதிந்த சில பழைய தகடுகளும் தாள்களுமே.

ரோம் நகரத்துக் கொலோசியத்திலும் இதையொத்த ஒன்று நிகழ்ந்தது. ஆனால் அங்கு அகற்றப்பட்டவை கோபுரங்களல்ல, பூக்கள். கி.பி. 80 இல் திறந்துவைக்கப்பட்ட அவ்வட்டரங்கு பல நூற்றாண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தமையால் அதன் வளைவுகளிலும் விரிசல்களிலும் செடிகொடிகள் அடர்ந்து வளர்ந்தன. றிச்சட் டீக்கின் என்னும் ஆங்கில மருத்துவர் அவற்றைப் பொறுமையாக ஆராய்ந்து, 420 இனங்களை விவரித்து 1855 இல் ஒரு நூலே வெளியிட்டார். ஒரேயொரு கட்டடத்தின் தாவரங்களுக்கென ஒரு நூல்! அவற்றுட் சில ஐரோப்பாவில் அரிதாகக் காணப்படுவன. பண்டைய விளையாட்டுகளின் பொருட்டு ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட விலங்குகளுடன் அவற்றின் விதைகள் வந்திருக்கலாம் என்று ஊகித்தோரும் உளர். 1850களில் றொபேட் மக்பேர்சன் போன்றோர் எடுத்த படங்களில் அவ்வரங்கு ஒரு குன்றைப்போல, புதர் மண்டிய ஓர் இயற்கைப் பொருளாகவே தென்படுகின்றது. 1870 இல் ரோம் இத்தாலிய அரசின் வசமானது. அடுத்த ஆண்டே தொல்லியலாளர் அச்செடிகளைக் களையத் தொடங்கினர். வேர்கள் கல்லைப் பிளக்கும் என்பது உண்மையே. களைந்தமை கட்டடத்துக்கு நன்மையே. எனினும் இன்று தபாலட்டையிற் காணும் அந்த வரண்ட, துப்புரவான எலும்புக்கூடு, மேல்நாட்டுக் கவிஞர் பலர் நிலவொளியிற் கண்டு உருகிய கொலோசியம் அன்று.

நிலவொளி என்றதும் ஒரு செய்தி. அக்காலக் கமராவால் நிலவிற் படமெடுத்தல் இயலாத காரியம். ஆனால் வெனிஸுக்கு வந்தோர் நிலவொளியில் வெனிஸைக் காட்டும் படங்களையே கேட்டனர். கார்லோ பொன்ரி என்னும் கண்ணாடி வணிகர் 1860களில் ஒரு பெட்டியை உருவாக்கினார். பகலில் எடுத்த படத்தின் பின்புறம் வண்ணந்தீட்டி, விளக்குகளும் நிலவும் வரவேண்டிய இடங்களில் ஊசியால் துளையிட்டு அப்பெட்டியில் வைப்பார். முன்னாலிருந்து ஒளி விழுந்தால் பகல். பின்னாலிருந்து ஒளி வந்தால் இரவு. பயணிகள் ஆவலுடன் வாங்கிச் சென்றனர். கண்டதைப் பதிதல் வேறு, காண விரும்பியதைப் பெறுதல் வேறு என்பதை அவ்வணிகர் நன்கு அறிந்திருந்தார்.

பிரான்ஸில் இவ்விரண்டும் ஒரே கட்டடத்திற் சந்தித்தன. 1851 ஆம் ஆண்டு அந்நாட்டு வரலாற்றுச் சின்னங்கள் ஆணைக்குழு, செப்பனிடப்பட வேண்டிய பழைய கட்டடங்களைப் பதிவு செய்து வருமாறு ஐந்து நிழற்படக் கலைஞரை நாட்டின் பல திசைகளுக்கும் அனுப்பியது. ஓர் அரசு நிழற்படத்தை இவ்வளவு பெரிய பணிக்குப் பயன்படுத்தியமை அதற்கு முன் நிகழாதது. அவர்கள் கொண்டுவந்த படங்கள் வெளியிடப்படாது ஆவணப் பெட்டிகளுள் உறங்கியமை வேறு கதை. அவ்வைவருள் ஒருவர் ஹென்றி லெ செக். அவரது நண்பர் சார்ள் நேக்ர் 1853 அளவில் அவரையே ஒரு படத்தில் நிறுத்தினார். இடம்: பாரிஸ் நொத்தர் டாம் பேராலயத்தின் கோபுர உச்சி. உயர்ந்த தொப்பி அணிந்து லெ செக் நிற்கிறார். அவர் அருகே, மோவாயைக் கைகளில் ஏந்தி, நாவை வெளியே நீட்டி, நகரை ஏளனமாய் நோக்கும் சிறகுடைய கற்பூதம் ஒன்று.

இப்படத்தைப் பார்ப்போர், இடைக்காலத்துச் சிற்பியின் அச்சமூட்டும் கற்பனையோடு பத்தொன்பதாம் நூற்றாண்டு மனிதர் ஒருவர் முகத்தோடு முகம் நிற்பதாகவே கொள்வர். ஆனால் அப்படத்திற் கற்பூதந்தான் இளையது, தொப்பிக்காரர் மூத்தவர்! விக்ரர் ஹியூகோவின் நாவல் 1831 இல் வெளிவந்து பேராலயத்தின்பால் மக்கள் கவனத்தைத் திருப்பியபின், அதனைச் செப்பனிடும் பொறுப்பு 1844 இல் லாசு, வியோலே லெ டியூக் ஆகிய இரு கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாடத்தைச் சூழ்ந்துள்ள 54 விநோத உருவங்களும் வியோலே லெ டியூக்கின் திட்டப்படி அக்காலத்திலேயே புதிதாகச் செதுக்கப்பட்டவை. செப்பனிடுதல் என்பது பேணுதல் மாத்திரமன்று, முன்னர் எக்காலத்திலும் இருந்திராததொரு நிறைவுநிலைக்குக் கட்டடத்தைக் கொண்டுவருதலுமாம் என்பது அவர் தமது அகராதியில் எழுதிவைத்த கொள்கை. அதற்கு நேரெதிராக, செப்பனிடுதலே பொய் என வாதித்தவர் ஆங்கிலேயரான ஜோன் றஸ்கின். இவ்விருவரிடை நடுநின்று தீர்ப்பளித்தல் எளிதன்று. ஆயினும் ஒன்று கூறலாம்: பாரிஸின் 'இடைக்கால' முகமென்று உலகெங்கும் தபாலட்டைகளிற் பரவியது வியோலே லெ டியூக்கின் கற்பூதமே. அதனைப் பழைமையாக்கிய காலத்தின் வேலையை நிழற்படம் சில ஆண்டுகளிற் செய்து முடித்தது.

அவரே எழுப்பிய கூர்ங்கோபுரம் 1859 இல் நிறைவெய்தியது. அதன் அடியில் நின்ற செப்புச் சிலைகளுள், கட்டடக் கலைஞரின் காவலராகக் கருதப்படும் புனித தோமையாரின் முகம் வியோலே லெ டியூக்கின் முகத்தையே ஒத்தது. ஏனைய சீடர்கள் நகரை நோக்கி நிற்க, இவர் மட்டும் திரும்பித் தாம் கட்டிய கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். 2019 ஆம் ஆண்டு ஏப்ரில் 15 ஆந் திகதி மாலை தீப்பற்றி அக்கோபுரம் சரிந்து வீழ்ந்ததை உலகம் கண்டது. சிலைகள் மட்டும் தப்பின. திருத்த வேலைக்கென நான்கு நாட்களுக்கு முன்னர்தான் அவை பாரந்தூக்கியால் இறக்கப்பட்டிருந்தன. புதிய பாணியிலே கோபுரம் எழுப்பலாமா என்ற விவாதம் ஓராண்டுக்கு மேல் நடந்தது. ஈற்றில், முன்பிருந்தவாறே அமைப்பதென 2020 இல் முடிவாயிற்று. கலை வரலாற்றாசிரியரான அன்ட்ரூ ரலன் தீ விபத்துக்குப் பல ஆண்டுகள் முன்னர் லேசர் ஒளிக்கதிர் கொண்டு பேராலயத்தை அளந்து, நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாகப் பதிந்து வைத்திருந்தார். அவ்வளவைகளும் பணிக்கு உதவின. 2024 டிசெம்பரிற் பேராலயம் மீளத் திறக்கப்பட்டது. 1859 இல் 'இல்லாத பழைமை' எனக் கூறத்தக்கதாயிருந்த கோபுரம், 2024 இல் 'மீட்கப்பட்ட பழைமை' ஆயிற்று. எத்தனை ஆண்டு சென்றால் ஒரு புதுமை பழைமையாகும் என்பதற்கு எந்த நூலிலும் விதி இல்லை.

பேராலயத்தைப் படமெடுக்க இன்று பயணிகள் நிற்கும் அகன்ற முன்றிலும் பழையதன்று. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஓஸ்மான் பிரபு பாரிஸைத் திருத்தியமைத்தபோது, பேராலயத்தின் முகத்தை நெருக்கிக்கொண்டிருந்த வீடுகளும் பழைய மருத்துவமனையும் இடிக்கப்பட்டே அவ்வெளி பிறந்தது. அதற்கு முன்னர் குறுகிய ஒழுங்கை ஒன்றிலிருந்து திடீரெனத் தலையுயர்த்தினாலன்றி அக்கட்டடத்தைக் காணமுடியாது. முழுமையாக ஒரு சட்டத்துள் அடக்குதல் அரிது. இடித்த நகராட்சியே, இடிபடவிருந்த வீதிகளைப் படமெடுக்கச் சார்ள் மார்வில் என்பவரை அமர்த்தியது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. அவர் எடுத்த 425 அளவிலான படங்களில் ஈரம் பளபளக்கும் கற்பாவிய ஒழுங்கைகளும் சுவரொட்டிகளும் கூரை தாழ்ந்த கடைகளும் உள்ளன. அங்கு குடியிருந்தோர் பெரும்பாலும் இல்லை. நகரத்து ஏழைகள் இருமுறை அகற்றப்பட்டனர்: முதலிற் படத்திலிருந்து, பின்னர் வீதியிலிருந்து.

ஈபிள் கோபுரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1887 இல் அத்திவாரமிட்டது முதல் 1889 இல் முடிவுற்றது வரை படிப்படியாகப் படமெடுக்கப்பட்ட கோபுரம் அது. கமராவுக்கு முந்திய வாழ்வு அதற்கு இல்லை. மோப்பசான் உள்ளிட்ட எழுத்தாளரும் கலைஞரும் அதனை எதிர்த்து விண்ணப்பம் வெளியிட்டதும், 20 ஆண்டில் அகற்றப்பட வேண்டியது கம்பியில்லாத் தந்தியின் தயவாற் பிழைத்ததும் பலரும் அறிந்தவை. அறியப்படாத ஒன்று உண்டு: பகலில் அதனை எவரும் படமெடுத்து வெளியிடலாம். இரவிலோ, 1985 இற் பொருத்தப்பட்டது முதலான ஒளியமைப்புகள் ஆக்கியோன் உரிமைக்குட்பட்டவை எனக் கொள்ளப்படுவதால், வணிக நோக்கில் அப்படத்தை வெளியிட அனுமதி பெறவேண்டும். இருளுக்கும் உரிமையாளர் உளர்!

1888 இல் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் கொடக் கமராவை விற்பனைக்கு விட்டபின்னர்தான் சாதாரண மனிதர் படத்தினுள் மீண்டும் நுழைந்தனர். நூறு படங்கள் எடுக்கக்கூடிய பெட்டி அது. எடுத்து முடிந்ததும் பெட்டியோடு அனுப்பிவிட்டால் கழுவி அச்சிட்டுத் திரும்பக் கொடுப்பர். இரசாயனம் அறியாதோரும் படம்பிடிப்போராயினர். அன்று தொடங்கியதே கட்டடத்தின் முன் நின்று படமெடுக்கும் மரபு. அதன் உச்சம் பீசா நகரிற் காணப்படுவது. புற்றரையெங்கும் மனிதர் வெற்றுவெளியை இரு கைகளாலும் தாங்கி நிற்க, எதிரே நிற்பவர் கோணம் பார்த்துப் படம் எடுப்பார்; படத்திற் கோபுரத்தைத் தாங்கியவாறு தோன்றும். கோபுரத்தை மெய்யாகவே தாங்கியவர்கள் எவர் படத்திலும் இல்லை. 1173 இல் தொடங்கிய அக்கோபுரம் 1990 இல் ஆபத்து அஞ்சி மூடப்பட்டது. பொறியியலாளர் பலவழி முயன்று, ஈற்றில் சாயாத பக்கத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாக அகழ்ந்தெடுத்தனர். உச்சி 40 சென்ரிமீற்றர் அளவுக்குத் திரும்பி வந்தது. 2001 இல் மீளத் திறந்தனர். முற்றாக நிமிர்த்த எவரும் எண்ணவில்லை. நிமிர்ந்துவிட்டால் அது பீசாக் கோபுரமாகாதே.

வீழ்ந்ததை எழுப்புவதில் வெனிஸ் காட்டிய வழி வேறு. 1902 ஆம் ஆண்டு யூலை 14 ஆந் திகதி காலை, புனித மார்க்கு சதுக்கத்து மணிக்கோபுரம் சரிந்து செங்கற் குவியலாயிற்று. மனித உயிர் ஒன்றும் போகவில்லை. வீழ்ந்த கணத்தை எவரும் படமெடுக்கவுமில்லை; ஆயினும் சில நாட்களுள் கோபுரம் வெடித்துச் சரியும் 'நிழற்படம்' விற்பனைக்கு வந்துவிட்டது. ஒட்டியும் தீட்டியும் ஆக்கிய போலி அது. நகரசபை, இருந்த இடத்தில் இருந்தவாறே கட்டுவதெனத் தீர்மானித்தது. 1912 இற் புதிய கோபுரம் திறக்கப்பட்டது. அதனுள் மின்தூக்கியும் இரகசிய வலுவூட்டல்களும் உண்டு. வெளியே நின்று எடுக்கும் படத்தில் 1902 இற்கு முன்பின் என்ற வேற்றுமை தெரியாது.

அவ்வாறு வேற்றுமை தெரியாது செய்தலை ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரம் விரும்பவில்லை. கியோர்க் பேர் என்பாரின் திட்டப்படி 1743 இல் நிறைவுற்ற புனித மாதா தேவாலயம் அந்நகரின் மணிமுடியாக விளங்கியது. அதன் கற்குவிமாடம் மணி போன்ற வடிவினது. 1945 பெப்ரவரி 13 இரவும் மறுநாளும் நேசநாட்டு விமானங்கள் நகரைக் குண்டுவீசி எரித்தன. இறந்தோர் 25,000 வரையினர் என வரலாற்றாசிரியர் குழுவொன்று 2010 இல் முடிவு செய்தது. குவிமாடம் உடனே விழவில்லை. உள்ளே எரிந்த வெப்பத்தாற் தூண்கள் தளர்ந்து, 15 ஆந் திகதி காலையிற் சரிந்தது. கிழக்கு ஜேர்மனிய அரசின் காலமெல்லாம் அக்கற்குவியல் நகர நடுவே அப்படியே கிடந்தது. இரு ஜேர்மனிகளும் இணைந்தபின் மக்கள் பணந்திரட்டினர். இடிபாட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு கல்லும் அளக்கப்பட்டது. பழைய படங்களின் துணையோடு, கணினி கொண்டு ஒவ்வொன்றும் எங்கிருந்ததென ஆராய்ந்து, இயன்ற கற்களைப் பழைய இடத்திலேயே பதித்தனர். தீயுங் காலமுங் கறுப்பாக்கிய ஆயிரக்கணக்கான அக்கற்கள் புதிய வெளிர்நிறக் கற்களினிடையே வடுக்களைப்போல் இன்றுந் தெரிகின்றன. உச்சியில் நிற்கும் பொற்சிலுவையைச் செய்த பிரித்தானியப் பொற்கொல்லரின் தந்தை, அன்று குண்டுவீச வந்த விமானிகளுள் ஒருவர். 2005 ஒக்டோபர் 30 ஆந் திகதி தேவாலயம் திறக்கப்பட்டது.

இப்பணியின்போது எழுந்த ஒரு சிறு சிக்கலைச் சொல்ல வேண்டும். தேவாலயத்தின் ஓக்குமரக் கதவுகள் எரிந்து போயிருந்தன. அவற்றின் செதுக்கு வேலைகளைப் பற்றித் தெளிவான குறிப்புகள் கிடைக்கவில்லை. சிறந்த கலைஞர்கள் எடுத்த படங்கள் இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் தூரநின்று, குவிமாடம் முழுமையாகத் தெரியும்படி, மனிதர் குறுக்கிடாத வேளை பார்த்து எடுத்திருந்தனர். அவற்றிற் கதவு ஒரு கரும்புள்ளி. ஆகவே கட்டுநர், பழைய படங்கள் இருப்பின் தருமாறு பொதுமக்களை வேண்டினர். வந்து சேர்ந்தவை திருமணப் படங்கள். போருக்கு முன்னர் அத்தேவாலயத்தில் மணம் முடித்தோர் வாயிலில் நின்று எடுத்துக்கொண்டவை. சிலர் முழு அல்பங்களையே கொடுத்துதவினர். மணமக்களின் தோளுக்குப் பின்னே கதவின் சட்டங்களும் செதுக்குகளும் தெளிவாக இருந்தன. ஒரு படத்தில் மணமகளின் முக்காடு மறைத்த மூலையை இன்னொருவர் படத்திலே தேடிக் கண்டிருக்கக்கூடும். மணமக்களில் எத்தனைபேர் அந்த பெப்ரவரி இரவைத் தாண்டினர் என்பதை அப்படங்கள் சொல்லா. தச்சர்கள் அவற்றைப் பார்த்து அளவெடுத்து, கதவுகளைச் செய்து மாட்டினார்கள்.